இந்தச் செலவை இப்போது யார் கட்டுகிறார்கள்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எஃகு ஆலைகள் புகையையும் கரியமில வாயுவையும் குறைத்துப் பசுமைக்கு மாற அரசு தோள் கொடுக்க வேண்டுமா, ஆலைகளே பார்த்துக்கொள்ள வேண்டுமா என்பது இன்றைய வழக்கு. எதிரணி நண்பர் எழுந்ததும் கேட்டார்: "லாபம் ஆலைக்காரனுக்கு, செலவு மட்டும் மக்கள் வரிப்பணத்திலா?" கைதட்டல் விழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் செலவை இன்று யார் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அவர் சொல்லவில்லை.

என் சித்தப்பா கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு சின்ன உருக்காலையில் உலை மேடையில் நின்றவர். காயலாங்கடையிலிருந்து வந்த சைக்கிள் ரிம், நசுங்கிய பீரோக் கதவு, கூடவே தாதுவை உருக்காமலே எடுத்த ஸ்பாஞ்ச் அயர்ன் என்ற இரும்பு, எல்லாம் அந்த மின் உலைக்குள் போகும். பெயின்ட் ஒட்டிய தகரம் விழுந்தால் குப்பென்று புகை கிளம்பும். உறிஞ்சியெடுக்க மேலே ஒரு புகைக் கூண்டு கிடையாது. அவர் சட்டையைச் சித்தி மூன்று தண்ணீர் மாற்றி அலசுவார். நான்காவது தண்ணீரும் கறுப்பாகத்தான் இறங்கும். இருமலுக்கு வாங்கிய மருந்துக் கடை பில்கள் இன்னும் வீட்டில் இருக்கின்றன. செலவு இப்படித்தான் கட்டப்படுகிறது, நடுவர் அவர்களே.

இது உலைப் புகை, கார்பன் வேறு கணக்கு என்பார்கள். வேறு கணக்குதான். ஆனால் இரண்டுக்கும் மாற்றிக் கட்ட வேண்டியது அதே ஆலை. சிறு ஆலைக்காரரிடம் இல்லாததும் அதே பணம்தான்.

பெரிய ஆலைகளின் சிக்கல் இன்னும் ஆழமானது. தாதுவிலிருந்து இரும்பை உருக்கியெடுக்கும் ஊது உலைக்கு நிலக்கரி வெறும் விறகல்ல. தாதுவில் இரும்போடு ஒட்டிக் கிடக்கும் ஆக்சிஜனைப் பிரித்தெடுப்பதே அதுதான். அப்படிப் பிரியும்போது கரியமில வாயு வந்தே தீரும்; சிக்கனத்தால் மட்டும் தீராது. நம் நாட்டில் ஒரு டன் எஃகுக்குச் சுமார் இரண்டரை டன் கரியமில வாயு. உலக சராசரி இரண்டுக்கும் கீழே. ஹைட்ரஜனைக் கொண்டு பிரித்தால் வருவது நீராவி. ஸ்வீடன் 2021-இலேயே செய்து காட்டிவிட்டது. நமக்கு எட்டாமல் நிற்பது அதன் விலை.

ஆலைக்காரன், ஆலைக்காரன் என்கிறாரே நண்பர்! பிலாய், ரூர்கேலா, பொகாரோ ஆலைகள் யாருடையவை? பெரும்பங்கு அரசுடையது. ரயில் தண்டவாளம், பாலம், மெட்ரோ தூண் என்று எஃகை வாங்கிக் குவிப்பதும் அரசு. ஒரு டன் எஃகுக்கு 2.2 டன்னுக்குக் கீழே கரியமில வாயு உமிழ்ந்தால்தான் பசுமை எஃகு என்று 2024 டிசம்பரில் வரையறை எழுதியதும் அரசு. ஆனால் டெண்டரில் குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர் என்றால், சுத்தமாகச் செய்தவர் எப்படிப் பிழைப்பார்? தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ₹19,744 கோடி ஒதுக்கினார்கள். அதில் எஃகுத் துறையின் முன்னோட்டத் திட்டங்களுக்கு, 2029-30 வரைக்கும் சேர்த்து, ₹455 கோடி. யானைப் பசிக்குச் சோளப்பொரி!

பிரிட்டனில் போர்ட் டால்பட் ஆலைக்கு அரசு 50 கோடி பவுண்டு கொடுத்தும் ஆயிரக்கணக்கானோர் வேலை போனதே என்றார் நண்பர். போனது, மறுக்கவில்லை. புது மின் உலை எழும் முன்பே, 2024 செப்டம்பரில் அங்கே கடைசி ஊது உலையும் அணைந்தது. அங்கே பிழை உதவி கொடுத்ததில் இல்லை. புது உலை எழும்வரை இருக்கும் வேலைகளைக் காக்க வழி செய்யாமல் கொடுத்ததில் இருக்கிறது. நாம் அதற்கும் உறுதி எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்போம்.

கொடுக்காவிட்டால் பணம் மிச்சமாகுமா? 2026 ஜனவரி முதல் ஐரோப்பா, இறக்குமதியாகும் எஃகின் கார்பனுக்குக் கட்டணம் விதிக்கிறது. அங்கே அதைக் கட்டுகிற இறக்குமதியாளர் அந்தத் தொகையை நம் ஆலையின் விலையில் கழிக்கத்தான் பார்ப்பார். நம் உழைப்பின் பணம் அயலான் கஜானாவில் விழும்.

அரசு வாங்கும் எஃகில் ஒரு பங்கு பசுமை எஃகாக இருக்க வேண்டும் என்று டெண்டரில் எழுதுங்கள். சிறு உலைக்காரருக்கு வட்டி குறைந்த கடன் கொடுங்கள். முதல் தவணையில் என் சித்தப்பா நின்ற அந்த மேடைக்கு மேலே ஒரு புகைக் கூண்டு ஏறட்டும், நடுவர் அவர்களே. இப்போது அங்கே அவர் இடத்தில் வேறொரு பையன் நிற்கிறான்.