பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் முறையை மாற்றுவது யார் பொறுப்பு?

(காட்சி: நிறைந்த விரிவுரை அரங்கம். பின் வரிசையில் ஒருவர் படிவத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார்.)

வணக்கம். பின் வரிசையில் இருப்பவர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, ஆசிரியர் விளக்குகிறாரா, வினா எழுப்புகிறாரா, மாணவர்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறார்களா, குழுவாக விவாதிக்கிறார்களா என்பதைக் குறித்துக்கொள்கிறார். 2013-இல் வெளியான 'கோபஸ்' என்னும் இந்த முறை ஆசிரியருக்கு மதிப்பெண் போடுவதில்லை. வகுப்பு நேரம் எப்படிச் செலவாயிற்று என்பதை அவருக்கே காட்டுகிறது.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம்? அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்கள் குறித்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான பகுப்பாய்வில், விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் சராசரியாக 33.8 விழுக்காட்டினரும், மாணவர்கள் தாமே ஈடுபட்டுக் கற்ற வகுப்புகளில் 21.8 விழுக்காட்டினரும் தோல்வியடைந்தனர். எது பலன் தரும் என்பது தெரிந்துவிட்டது. அதை நூற்றுக்கணக்கான ஆசிரியர்களிடம் எப்படிக் கொண்டுசேர்ப்பது?

(காட்சி: பயிலரங்கு ஒன்று.)

பல பல்கலைக்கழகங்கள் இதற்கெனக் கற்பித்தல் மையம் ஒன்றை அமைக்கின்றன. 1962-இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் தொடங்கிய மையம் இதில் முன்னோடி. மையங்கள் தேவைதான். ஆனால் பயிலரங்குக்கு வருபவர்களில் பலர் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்கள். அவர்கள் திரும்பிச் செல்லும் துறையிலோ பாடத்திட்டமும் தேர்வுமுறையும் பழையபடியே இருக்கின்றன. ஆகவே மாற்றம் துறைக்குள்ளேயே நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

(காட்சி: இருவர் ஒரு பாடத்தாளைத் திருத்துகிறார்கள்.)

நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன், 2007-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் அந்த வழியில்தான் சென்றது. துறைகள் போட்டியிட்டு நிதி பெற்றன. அந்த நிதியில், அதே பாடத்தில் ஆழ்ந்த அறிவும் கற்றல் ஆய்வில் பயிற்சியும் கொண்டவர்களைத் துறைக்குள்ளேயே பணியமர்த்தினார்கள். அவர்கள் ஆசிரியரோடு சேர்ந்து உட்கார்ந்து, மாணவர் என்ன கற்க வேண்டும், உண்மையில் என்ன கற்கிறார், எப்படிக் கற்பித்தால் மேம்படும் என்ற மூன்று வினாக்களுக்கு விடை தேடினார்கள். எடுத்துக்காட்டாக, 'விசை பற்றி அறிவர்' என்ற பொதுவான வரியை, 'ஒரு பொருளின்மேல் செயல்படும் விசைகளை வரைந்து, அது எத்திசையில் முடுக்கம் பெறும் எனக் கணிப்பர்' என்று மாற்றி எழுதினால், வகுப்பில் என்ன செய்ய வேண்டும், தேர்வில் என்ன கேட்க வேண்டும் என்பது தானாகவே தெளிவாகிவிடும். இவ்வாறு உருவான வினாக்களையும் பயிற்சிகளையும் துறையின் பொதுச் சேமிப்பில் வைக்காவிட்டால், அடுத்த ஆண்டு வேறொருவர் அந்தப் பாடத்தை எடுக்கும்போது அத்தனை உழைப்பும் வீணாகும்.

(காட்சி: துறைக் கூட்டம்.)

நல்ல கற்பித்தலை அங்கீகரிப்பதிலும் துறைக்குப் பங்கு இருக்க வேண்டும். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகப் பொறியியல் புலத்தில், 2001 முதல், ஆசிரியர் தம் கற்பித்தல் அனுபவத்தை ஆராய்ந்து எழுதிய தொகுப்பை மதிப்பீட்டுக்கு அளிக்கலாம். தேர்வானால் அவருக்கு ஊதிய உயர்வு, துறைக்குக் கூடுதல் நிதி. துறைக்கும் பங்கு கிடைப்பதால், தம் ஆசிரியர்களை ஊக்குவிப்பதில் துறைத்தலைவருக்கும் அக்கறை பிறக்கிறது.

பல்கலைக்கழகத் தலைமை செய்ய வேண்டியது நிதி ஒதுக்குவது, பதவி உயர்வு விதிகளில் கற்பித்தலுக்கு உரிய இடம் தருவது, எல்லாவற்றுக்கும் மேலாக நேரம் தருவது. ஒரு பாடத்தை மறுவடிவமைப்பது மாதக்கணக்கில் நீளும் வேலை. அந்த மணிநேரம் ஆசிரியரின் பணிச்சுமைப் பட்டியலில் ஏறினால்தான் அவரால் அதைச் செய்து முடிக்க இயலும்.