அம்மாயிக்கு ஒரு கட்டம்

(இலங்கை மலையகத்தின் ஹட்டனில் தொடங்கிய குடும்ப வரலாற்று ஆய்வு வகுப்பின் முதல் நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மழையில் டயகமவிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். எடுத்துப் பிரியுங்கள். தகப்பன், தாய் விவரங்களைத் தாண்டிக் கீழே வாருங்கள். பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதற்கும் கீழே பூட்டனுக்கு, அதாவது பாட்டனின் தகப்பனுக்கு, ஒரு கட்டம். என்னுடையதில் இரண்டு கட்டத்திலும் ஒரு கோடு இழுத்திருக்கிறது. உங்களில் யாருக்கெல்லாம் கோடு இருக்கிறது? கையைத் தூக்குங்கள். பார்த்தீர்களா, பாதி மண்டபம்.

அந்தக் கட்டங்கள் சும்மா வந்தவை அல்ல. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவனிடமும் உன் தகப்பன் இங்கே பிறந்தானா, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா என்று கேட்டது. அடுத்த வருடம் வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டம், கல்யாணம் ஆனவர் ஏழு வருடமும் ஆகாதவர் பத்து வருடமும் விடாமல் இந்த நாட்டில் குடியிருந்ததைக் காட்டு என்றது. இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்களின் வழியில், லயத்துக் காம்பரா என்ற வரிசை வீட்டு அறையில் பிறந்து, காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய், கொழுந்து எடுத்தே வாழ்க்கை முடிந்த மனுசி எந்தக் கடதாசியைக் காட்டுவாள்? 1964இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது நாடற்றவர்களாக நின்ற நம் ஆட்கள் 9,75,000 பேர் எண்ணிக்கையாகத்தான் மேசைக்குப் போனார்கள். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள்.

ஆக, பாட்டன் பூட்டன் யார் என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. நம்மை வெளியே தள்ளுவதற்காகக் கேட்கப்பட்ட கேள்வி அது. அதே கேள்வியை நமக்காக நாமே கேட்டுப் பார்க்கத்தான் இந்த வகுப்பு.

நான் இதை முதலில் படித்தது கைபேசியில். கிளாஸ்கோவில் இருக்கும் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்தும் ஆறு வாரப் பாடம். எங்கள் லயத்தில் சிக்னல் வராது, கோயில் மேட்டுக்கு ஏறிப்போய்ப் படிப்பேன். ஸ்கொட்லாந்தில் 1841 முதல் ஆட்களின் பெயரோடு குடிசன மதிப்பீடு இருக்கிறது. 1855 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அரசாங்கப் பதிவில் இருக்கிறது. அங்கே ஒருத்தர் ஒரே ராத்திரியில் நாலு தலைமுறையைக் கண்டுபிடித்துவிடலாம். ஹோலிரூட், டன்சினன் என்று அந்த நாட்டு ஊர்ப் பெயர்களைத் தாங்கிய தோட்டங்களில் உழைத்த நம் ஆட்களுக்கு ஒரு வரி கிடைப்பது எவ்வளவு பாடு! முதல் வாரத்திலேயே விட்டுவிடலாமா என்று நினைத்தேன். விடாததற்குக் காரணம் ஒரு தாள்.

முதல் வீட்டுவேலை அது. நீங்கள் 1. அப்பா 2, அம்மா 3. அப்பாவின் அப்பா 4, அப்பாவின் அம்மா 5. அம்மாவின் அப்பா 6, அம்மாவின் அம்மா 7. யாருடைய எண்ணை இரட்டித்தாலும் அவர் தகப்பன் வருவார், அதோடு ஒன்று கூட்டினால் தாய். பதினைந்து கட்டம். ஏழு வரைக்கும் மளமளவென்று எழுதிவிட்டேன். எட்டிலிருந்து பதினைந்து வரை எட்டுக் கட்டத்தில் எனக்குத் தெரிந்தது இரண்டே பெயர்தான். இரண்டும் ஆண்கள்.

அப்போதுதான் உறைத்தது. சான்றிதழ் பாட்டனைக் கேட்கிறது, பூட்டனைக் கேட்கிறது. பாட்டியைக் கேட்பதற்கு அதில் ஒரு கட்டமும் இல்லை. இந்த வெற்றுத் தாளில்தான் அவளுக்கு இடம் இருந்தது.

எங்கள் அம்மாயி, அதாவது 7ஆம் எண், அன்றைக்கு உயிரோடு இருந்தார். கொப்பியை எடுத்துக்கொண்டு போய், "அம்மாயி, நீங்க எந்த வருசம் பொறந்தீங்க?" என்று கேட்டேன். "அது யாருக்குடா தெரியும்" என்று வெற்றிலையை மடித்தார். கேள்வி பிழை. அப்புறம் கேள்வியை மாற்றினேன். உங்க அம்மா எப்படி இந்தப் பக்கம் வந்தாங்க? "தலைமன்னார்ல கோச்சி ஏறி." சரி, தலைமன்னாருக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1914இல். அதற்குப் பிறகுதான் வந்திருக்கிறார்கள். கடைசி மாமா எப்போ பொறந்தாரு? "தோட்டத்த அரசாங்கம் எடுத்த வருசம், மழையோட மழையா." கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானது 1975. பாணுக்கும் மாவுக்கும் தவித்த பஞ்ச காலம் அதற்குச் சற்று முந்தியது. நம் பெரியவர்கள் ஆண்டுக்கணக்கு வைத்திருக்கிறார்கள், எண்ணில் இல்லை, அவ்வளவுதான்.

கடைசியாகக் குலசாமியைக் கேட்டேன். சாமி பெயரைச் சொன்னார். எந்த ஆத்தங்கரையில் அந்தச் சாமி நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார். நான் முப்பது வருடமாக அந்தச் சாமிக்குப் பொங்கல் வைக்கிறேன், ஊர்ப் பெயரைக் கேட்டதே இல்லை. திருச்சி, புதுக்கோட்டை, சேலம் என்று மாவட்டத்தோடு நின்றுவிடுகிற நமக்குக் கிராமம் வரைக்கும் கொண்டுபோகும் நூல் பல வீடுகளில் குலசாமிதான். இதை எந்த வெளிநாட்டுப் பாடமும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அந்தப் பாடம் சொன்ன இன்னொன்று நமக்கு அப்படியே பொருந்துகிறது. உங்கள் ஆளின் பெயர் கிடைக்காவிட்டால் அவரைச் சுற்றி இருந்தவர்களைத் தேடு. தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி தனக்குச் சொந்தமானவர்களையும் பக்கத்து ஊர்க்காரர்களையும்தான் பெரும்பாலும் கூட்டி வந்தார். ஆகவே உங்கள் பூட்டியின் ஊர், அதே கங்காணியோடு வந்த அடுத்த லயத்துக் குடும்பத்தின் வாயில் இருக்கலாம். எங்கள் அம்மாயி சொன்ன ஊரை நான் உறுதிப்படுத்தியது அப்படித்தான், கீழ் டிவிஷனில் ஒரு தாத்தாவிடம்.

கடதாசிகளைப் பற்றிக் கொஞ்சம். ஆள் பேரும் சம்பளக் கணக்கும் எழுதிய செக்ரோல் புத்தகங்கள் தோட்டம் கைமாறும்போதெல்லாம் அழிந்திருக்கின்றன, அதை மட்டும் நம்பாதீர்கள். சேமலாப நிதிப் பத்திரம், கோயில் நன்கொடை ரசீது, கிறிஸ்தவக் குடும்பமென்றால் ஞானஸ்நானப் பதிவேடு, எல்லாம் சாட்சிதான். இந்தியாவுக்குப் போன சொந்தம் கூடலூரிலோ கோத்தகிரியிலோ இருந்தால், அப்படித் திரும்பிப் போனவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெயர் எழுத்து மாறியிருந்தால் பதறாதீர்கள். எங்கள் அம்மாயி வீட்டில் காளியாயி, ஒரு பத்திரத்தில் காளியம்மா, இன்னொன்றில் வெறும் காளி. எழுதிய கிளாக்கரின் காதில் விழுந்தது அது. மூன்றையும் அப்படியே குறித்துவையுங்கள், திருத்தாதீர்கள்.

ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சிலர் அழுவார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தது, அக்கா தங்கச்சி கப்பலேறிப் போய்க் கடிதமே வராமல் போனது, 1983 கலவரம், இதெல்லாம் நம் கேள்விக்காக வந்து வாசலில் நிற்கும். அப்போது கொப்பியை மூடிவிடுங்கள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். இன்னொரு நாள் போகலாம். ஆனால் ரொம்ப நாள் தள்ளிப்போடாதீர்கள். அம்மாயியிடம் நான் நாலு தடவைதான் உட்கார்ந்து பேச முடிந்தது.

மூன்றாம் தடவை, நான் கேட்காமலே, "எங்கம்மா பேரு சொன்னேனா?" என்றார். சொன்னார். நாங்கள் யாரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. எங்கள் வீட்டில் எந்தப் பிள்ளைக்கும் அதை வைத்ததில்லை. 15ஆம் கட்டத்தில் எழுதிக் காட்டினேன். அம்மாயிக்கு வாசிக்கத் தெரியாது. விரலை வைத்து எழுத்தின் மேலே ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

உங்கள் கதிரையில் ஆளுக்கொரு பதினைந்து கட்டத் தாளும் ஒரு பென்சிலும் வைத்திருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் யார் சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்று எழுதுங்கள். கீழ்வரிசையில் இரட்டைப்படை எண்ணெல்லாம் ஆண்கள், ஒற்றைப்படை பெண்கள். இந்த வாரம் 9, 11, 13, 15இலிருந்து தொடங்குங்கள். அடுத்த சனிக்கிழமை சந்திப்போம்.