2026 பேஸ்போல் சீசன்: ஆர் எங்க நிப்பினம், ஆர் வெல்லுவினம்

வணக்கம் எல்லாருக்கும். இந்தக் குளிருக்குள்ளயும் ஸ்காபரோவில இவ்வளவு பேர் ஒரு மண்டபத்துக்கு வந்திருக்கிறியள், அதுவும் கிரிக்கெற் இல்லை, பேஸ்போல் பற்றித்தான் கதை எண்டு தெரிஞ்சும் வந்திருக்கிறியள், பாக்கச் சரியான சந்தோசமாக் கிடக்கு. என்னட்டைக் கேட்டது ஒரே ஒரு விசயம்தான், "அண்ணை, 2026இல ஆர் வெல்லுவினம் எண்டு சொல்லுங்கோ" எண்டு. சொல்லுறன். மேஜர் லீக்கில அமெரிக்கன், நஷனல் எண்டு ரெண்டு லீக், ஒவ்வொண்டிலயும் மூண்டு டிவிஷன், அந்த ஆறு டிவிஷனுக்கும் சொல்லுறன், கப் ஆருக்கு எண்டும் சொல்லுறன். ஆனா அதுக்கு முதல் 2025 நவம்பர் முதலாம் திகதி இரவுக்கு ஒருக்கா உங்களைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போகவேணும். கனபேருக்கு அது நினைக்கவே வயிறு எரியிற இரவு எண்டு தெரியும், எனக்கும் அப்பிடித்தான், பொறுத்துக்கொள்ளுங்கோ.

வேர்ல்ட் சீரிஸ் எண்ட இறுதிச் சீரிஸின்ர ஏழாவது மச், ரோஜர்ஸ் சென்ரர். ஒன்பதாவது இன்னிங்ஸ், எங்கட ரொறொன்ரோ புளூ ஜேஸுக்கு 4, லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸுக்கு 3, ஒரு அவுட் ஆகீட்டுது, இன்னும் ரெண்டு அவுட் எடுத்தாக் காணும், 1993க்குப் பிறகு வேர்ல்ட் சீரிஸ் எங்கட. வந்தது மிகுவேல் ரோஹாஸ். ஒஹ்டானி இல்லை, ஃப்ரீமன் இல்லை, ரோஹாஸ்! வருசம் முழுக்க ஹோம் ரன்னுக்கு, அதுதான் கிரிக்கெற் சிக்ஸர் மாதிரி வேலிக்கு வெளியால அடிக்கிறதுக்கு, ஆரும் பயப்பிடாத ஆள். அடிச்சுப்போட்டார், 4க்கு 4. பிறகு எங்கட பக்கம், மூண்டு பேஸிலயும் ஆக்கள் நிக்கினம், ஒரு அவுட், பந்து திருப்பியும் அதே ரோஹாஸிட்டத்தான் போகுது, அவர் தடுமாறி விழப்பாத்து ஹோம் பிளேற்றுக்கு எறியிறார், அதைத் தொட்டா ரன் எண்டு ஓடி வந்த எங்கட கைனர்-ஃபலேஃபா ஒரு சாண் கூட இல்லாத வித்தியாசத்தில அவுட். பதினொராவது இன்னிங்ஸில வில் ஸ்மித் ஹோம் ரன், 5க்கு 4, கடைசியா எங்கட கேர்க் அடிச்ச பந்து டபுள் பிளே, அதாவது ஒரே பந்தில ரெண்டு அவுட், ஆகி எல்லாம் முடிஞ்சுது.

இப்ப ஒரு கணக்குச் சொல்லுறன், இதைக் கேட்டிட்டு வீட்டை போய் நீங்களே கூட்டிப் பாருங்கோ. அந்த ஏழு மச்சிலயும் எங்கட ஆக்கள் எடுத்த மொத்த ரன் 34. டொட்ஜர்ஸ் எடுத்தது 26. எட்டு ரன் கூட எடுத்த ரீம் தோத்துப்போச்சு, கப் மற்றவைக்குப் போச்சு. நான் இண்டைக்குச் சொல்ல வந்ததே இதுதான். சீசனின்ர 162 மச்சின்ர பொயின்ற் ரேபிளை ஓரளவுக்குக் கணக்குப் போட்டுச் சொல்லலாம், ஒக்டோபரை, அதாவது கப்புக்காக நடக்கிற பிளேஓஃபை, அப்பிடிச் சொல்லேலாது. இந்த ரெண்டையும் ஒரே கேள்வியா நினைச்சுக்கொண்டு "உன்ர கணிப்புப் பிழைச்சுப்போச்சே" எண்டு சண்டை பிடிக்கிறபடியாத்தான் எங்களுக்குள்ள பாதிப் பிரச்சினை.

முதல்ல ரேபிளை எப்பிடிக் கணிக்கிறது எண்டு பாப்பம். வெற்றி தோல்வியை எண்ணுறதை விட ரன்னை எண்ணுறது நல்லது. பில் ஜேம்ஸ் எண்டவர் ஒரு சூத்திரம் கண்டுபிடிச்சவர், எடுத்த ரன்னின்ர வர்க்கத்தை, எடுத்த ரன்னின்ர வர்க்கமும் குடுத்த ரன்னின்ர வர்க்கமும் கூட்டி வாற தொகையால பிரிக்கவேணும், அவ்வளவுதான். 800 ரன் எடுத்து 700 ரன் குடுத்தா 0.566 வரும், அதை 162ஆல பெருக்கினா 92க்குக் கொஞ்சம் குறைய. அதாவது நூறு ரன் வித்தியாசத்துக்கு நடுவில இருக்கிற 81ஐ விடப் பத்து வெற்றி கூட, பத்து ரன்னுக்கு ஒரு வெற்றி எண்டு மனசில வச்சுக்கொள்ளுங்கோ. எங்கட ஜேஸ் 2025இல 800க்குக் கிட்ட எடுத்து 720க்குக் கிட்டக் குடுத்தவை, அப்ப 89 வெற்றி வரவேணும், வந்தது 94. இந்த அஞ்சு வெற்றியை அடுத்த வருசத்துக்குக் கொண்டுபோகேலாது, சொல்லக் கவலையாத்தான் கிடக்கு ஆனா உண்மை அதுதான்.

சரி, அடுத்த வருச ரன்னை எப்பிடிக் கணிக்கிறது? ஒவ்வொரு வீரனையும் தனித்தனியா எடுத்துப் பாக்கிறது. மார்செல் எண்டு ஒரு முறை இருக்கு, இருக்கிறதுக்குள்ள மிச்சம் எளிமையானது, கடைசி மூண்டு வருசத்தையும் எடுத்து போன வருசத்துக்கு 5 பங்கு, அதுக்கு முந்தினதுக்கு 4, அதுக்கும் முந்தினதுக்கு 3 எண்டு பாரம் குடுத்து, பிறகு எல்லாரையும் லீக் சராசரிப் பக்கமாக் கொஞ்சம் இழுத்து, வயசுக்குக் கொஞ்சம் கூட்டிக் கழிக்கிறது. பெக்கோட்டா, ஸிப்ஸ் எண்டு பெரிய கணிப்பு முறைகள் இருக்கு, அவை இன்னும் கனக்க விசயம் பாக்கும், ஆனா அடிப்படை இதுதான். சராசரிப் பக்கம் இழுக்கிறதுதான் முக்கியமான வேலை. ஒருத்தர் ஒரு வருசம் பிரமாதமா விளையாடினா அதில கொஞ்சம் திறமை கொஞ்சம் அதிர்ஷ்டம், அதிர்ஷ்டம் திருப்பி வரும் எண்டு எழுதேலாது.

இதையெல்லாம் சரியாச் செய்தாலும் பிழைக்கும், எவ்வளவு பிழைக்கும் எண்டும் சொல்லலாம். ஒரு நாணயத்தை 162 தரம் சுண்டுங்கோ. சராசரியா 81 தலை விழும், ஆனா மூண்டு தரத்தில ரெண்டு தரம் 75க்கும் 87க்கும் இடையில எங்கையும் நிக்கும். 75 எண்டா எல்லாரும் மனேஜரைக் கலைக்கச் சொல்லுவினம், 87 எண்டா பிளேஓஃப், ரெண்டும் ஒரே நாணயம்! உலகத்தில எவ்வளவு பெரிய மூளை வந்தாலும் ஒரு ரீமுக்கு ஆறு வெற்றி அளவு பிழை எப்பவும் இருக்கும். இருவதில ஒண்டு 13க்கு மேல பிழைக்கும், அப்ப முப்பது ரீமில ஒண்டு ரெண்டு ஒவ்வொரு வருசமும் எங்களுக்கு முகத்தில அடிச்ச மாதிரி வரும், அது எந்த ரீம் எண்டுதான் முதலே தெரியாது.

போன வருசம் அது நாங்கள்தான். 2024இல 74 வெற்றி, டிவிஷனில கடைசி. 2025இல 94, முதலாவது. எங்கட டிவிஷனில இருக்கிற நியூயோர்க் யாங்கீஸுக்கும் 94தான், எங்கட ரெண்டு ரீமும் மோதின மச்சில 8க்கு 5 எண்டு நாங்கள் வெண்டபடியாத்தான் டிவிஷன் எங்களுக்கு வந்தது. இதை ஆராவது முதலே சொல்லியிருக்கேலுமோ? எங்கட ஸ்பிரிங்கரின்ர பற்றிங் சராசரி 2024இல .220, 2025இல 35 வயசில .309, 32 ஹோம் ரன். எந்தக் கணிப்பும் அந்த வயசில அப்பிடி எழுதாது, எழுதக்கூடாது. ட்ரே யெசவேஜ் எண்ட பொடியன் சீசன் தொடங்கேக்க சிங்கிள் ஏ எண்ட கீழ்மட்ட லீக்கில நிண்டவன், வேர்ல்ட் சீரிஸ் அஞ்சாவது மச்சில பந்து எறிஞ்சு டொட்ஜர்ஸ் ஆக்களை 12 தரம் ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினான். அதைப் பாக்கேக்க எனக்குக் கண் கலங்கினது, இப்ப சொல்லேக்கயும் அப்பிடித்தான் இருக்கு.

மற்றப் பக்கத்தையும் பாருங்கோ. நியூயோர்க் மெற்ஸ் ஹுவான் சோட்டோவுக்கு 15 வருசத்துக்கு 765 மில்லியன் டொலர் குடுத்தவை, ஜூன் 12ஆம் திகதி 45 வெற்றி 24 தோல்வி, முழு மேஜர் லீக்கிலயும் முதலிடம். முடியேக்க 83, பிளேஓஃபே இல்லை. டெற்றோயிற் ஜூலையில கிளீவ்லாண்டுக்குப் பதினைஞ்சரை மச் முன்னுக்கு நிண்டது, கடைசியில டிவிஷன் கிளீவ்லாண்டுக்கு. ஜூனில ரேபிளைப் பாத்து முடிவெடுக்கிற ஆக்களுக்கு இதை நான் ஒவ்வொரு வருசமும் சொல்லிக்கொண்டிருக்கிறன், மார்ச்சில போட்ட கணக்கை ஜூனில தூக்கி எறியாதேங்கோ, ரெண்டையும் சேத்துப் பாருங்கோ.

இனி 2026. அமெரிக்கன் லீக் கிழக்குத்தான் எங்கட வீடு, அதில கொஞ்சம் நிண்டு கதைப்பம். நான் யாங்கீஸை முதலாவதா வைக்கிறன், 91. ஜட்ஜ் போன வருசம் 53 ஹோம் ரன் அடிச்சு .331 எண்டு பற்றிங் சராசரியில முதலிடமும் எடுத்தவர், பந்து எறியிற கெரிற் கோல் 2025 முழுக்க முழங்கைச் சத்திரசிகிச்சையால விளையாடேல்லை, அவர் இடையில திரும்பி வந்தாக் காணும். ஜேஸ் ரெண்டாவது, 88. கோவிக்காதேங்கோ. போ பிஷெற் மெற்ஸுக்குப் போட்டார், அந்த ஏழாவது மச்சில ஒஹ்டானியின்ர பந்துக்கு மூண்டு ரன் ஹோம் ரன் அடிச்ச அதே பிஷெற். பந்து எறியிற டிலன் சீஸ் வந்திருக்கிறார், ஏழு வருசத்துக்கு 210 மில்லியன், ஜப்பானில இருந்து ஒகமோட்டோ வாறார், விளாடி, அதுதான் விளாடிமிர் கெரேரோ, 500 மில்லியன் ஒப்பந்தத்தோட எங்களோடதான். ஸ்பிரிங்கர் திருப்பியும் .309 அடிப்பார் எண்டு நான் எழுதேல்லை, .265 எண்டு எழுதினன், அதால குறைஞ்சதுதான் அந்த எண். பொஸ்ரன் மூண்டாவது, 87, அதாவது எங்களுக்கும் அவைக்கும் வித்தியாசமே இல்லை எண்டு சொல்லலாம். பால்ற்றிமோர் 84, பீற் அலொன்சோ வந்திருக்கிறார், 2023இல 101 வெண்ட ரீம் 2025இல 75க்கு விழுந்தது, உண்மை ரெண்டுக்கும் நடுவிலதான். ராம்பா பே 79. முதலாவதுக்கும் நாலாவதுக்கும் இடையில ஏழு வெற்றிதான், நாணயம் சுண்டுற கதையை இப்ப ஞாபகப்படுத்துங்கோ, இந்த வரிசை எந்தப் பக்கமும் கவிழலாம்.

மற்ற டிவிஷன்களைக் கெதியாச் சொல்லுறன். அமெரிக்கன் லீக் மத்தியில டெற்றோயிற், ஸ்கூபல் ரெண்டு வருசம் தொடர்ந்து சை யங் எண்ட மிச்சம் நல்ல பிற்சருக்கான விருதை எடுத்தவர், அப்பிடி ஒரு பிற்சர், பந்து எறியிற ஆள், இருக்கிற ரீமை நான் கீழ வைக்கமாட்டன், அதுக்குப் பிறகு கன்சாஸ் சிற்றியும் கிளீவ்லாண்டும். மேற்கில சியாற்றில். ஒரு கச்சர், கிரிக்கெற்றில விக்கெற் கீப்பர் மாதிரி, 60 ஹோம் ரன் அடிச்ச ரீம் அது, கால் ராலி, இதுவரைக்கும் ஒருக்காலும் வேர்ல்ட் சீரிஸ் பாக்காத ரீமும் அதுதான், போன ஒக்டோபர்ல அவையைத் தடுத்ததும் ஏழாவது மச்சில நாங்கள்தான். அந்த ஊர் ஆக்களை நினைச்சா எனக்குப் பாவமாக் கிடக்கு.

நஷனல் லீக்கில கிழக்குக்கு பிலடெல்பியா, மெற்ஸ் ஒட்டிக்கொண்டு பின்னால, அட்லாண்டா போன வருசம் 76தான் வெண்டது ஆனா அது அவையின்ர உண்மையான அளவில்லை, 86க்கு வருவினம் எண்டு நினைக்கிறன். மத்தியில சிக்காகோ கப்ஸ். மில்வோக்கி போன வருசம் 97 எடுத்து எல்லாருக்கும் மேல நிண்டவை, ஆனா சராசரிப் பக்கம் இழுக்கிற விதி எங்களுக்கு மட்டும் இல்லை அவைக்கும்தான், 87. மேற்கில டொட்ஜர்ஸ், 98, இதில விவாதமே இல்லை, ரெண்டு தரம் தொடர்ந்து வெண்ட ரீம் கைல் ரக்கரையும் எட்வின் டியாஸையும் மேலதிகமா எடுத்து வச்சிருக்குது. கடைசி கொலராடோ, போன வருசம் 119 தோல்வி, இந்த வருசம் 100 எண்டு போடுறன்.

அப்ப கப்? டொட்ஜர்ஸ்தானே எண்டு பின்னால ஒரு தம்பி சொல்லுறார். பொறுங்கோ தம்பி. டொட்ஜர்ஸ் ஒவ்வொரு மச்சிலயும் எதிராளியை விட நல்லம் எண்டு வைப்பம், நூறில 55 வெல்லும். பிளேஓஃபில அது சின்ன விசயம் இல்லை, எதிர்ப்பக்கம் நிக்கிறதும் நல்ல ரீம். முதல் ரவுண்டு விளையாடத் தேவையில்லை எண்டே வைப்பம். அஞ்சு மச் சீரிஸை வெல்லுற வாய்ப்பு 59 வீதம், ஏழு மச் சீரிஸ் 61 வீதம், அதுக்குப் பிறகு வேர்ல்ட் சீரிஸ் இன்னொரு 61. மூண்டையும் பெருக்கினா 22. எல்லாரையும் விட நல்ல ரீமுக்கு 22 வீதம்! முதல் ரவுண்டும் விளையாடவேண்டி வந்தா 13க்கு வந்திடும். இதாலதான் 2001இல 116 மச் வெண்ட சியாற்றில் வேர்ல்ட் சீரிஸுக்கே போகேல்லை, 2022இல 111 வெண்ட டொட்ஜர்ஸ் 89 வெண்ட சான் டியேகோவிட்ட தோத்தது, 2006இல 83 மட்டும் வெண்ட செயின்ற் லூயிஸ் கப் தூக்கினது. 2023இல டெக்சஸும் அரிஸோனாவும் வேர்ல்ட் சீரிஸுக்கு வந்தவை, ரெண்டு ரீமும் 2021இல நூறு மச்சுக்கு மேல தோத்தவை எண்டதை அந்த நேரம் எத்தினை பேர் நினைச்சுப் பாத்தவை?

ஆனபடியால் என்ர பதில், டொட்ஜர்ஸ், 20 வீதம். தொடர்ந்து மூண்டு தரம் வெல்லுறது 1998 தொடக்கம் 2000 வரைக்கும் யாங்கீஸ் செய்தது, அதுக்குப் பிறகு ஒருத்தரும் செய்யேல்லை. ஒரு பேர் சொல்லச் சொன்னா டொட்ஜர்ஸ் எண்டுதான் சொல்லுவன், அதே மூச்சில அவை வெல்லாத வாய்ப்பு 80 வீதம் எண்டும் சொல்லுவன், ரெண்டும் ஒரே வசனம். எங்கட ஜேஸுக்கு 6 வீதம். முகத்தைச் சுழிக்காதேங்கோ, முப்பது ரீமுக்கும் சமனாப் பங்கு போட்டா மூண்டு வீதத்துக்குக் கொஞ்சம் மேலதான் வரும், எங்களுக்கு அதின்ர ரெண்டு மடங்குக்குக் கிட்டக் கிடக்கு. 1993 ஒக்டோபர் 23ஆம் திகதி எங்கட ஜோ கார்ட்டர் கப் எடுத்துத் தந்த அந்த ஹோம் ரன்னை அடிக்கேக்க நான் ஒரு அப்பார்ட்மெண்ட் நிலத்தில ஆறு பெடியளோட இருந்து பாத்தனான், பேஸ்போல் விதி பாதி தெரியாது, எல்லாரும் கத்தினம். அந்தச் சத்தத்தை என்ர பிள்ளையளோட இருந்து இன்னொருக்காக் கேக்கவேணும் எண்டுதான் எனக்கும் ஆசை, ஆனா ஆசையை எண்ணுக்குள்ள போட்டா எண் கெட்டுப்போகும்.

கடைசியா ஒரு விசயம். வாசல் மேசையில கடுதாசி வச்சிருக்கிறம், முப்பது ரீமின்ர பேரும் இருக்கு, ஒவ்வொண்டுக்கும் எத்தினை வெற்றி எண்டு எழுதுங்கோ, கூட்டினா 2430 வரவேணும், வராட்டித் திருத்துங்கோ. கீழ கப்புக்கு ஒரு பேர் மட்டும் எழுதாமல் வீதமும் எழுதுங்கோ. சீசன் முடிய ஒவ்வொரு ரீமுக்கும் எவ்வளவு பிழை எண்டு பாத்து அதை வர்க்கிச்சுக் கூட்டுவம், குறைஞ்ச ஆள் முதலாவது. நான் இன்னொரு கடுதாசியும் போடுறன், அதில முப்பது ரீமுக்கும் 81, 81, 81 எண்டு மட்டும் எழுதிக் கிடக்கும். முதல்ல அந்தக் கடுதாசியை நாங்கள் எல்லாரும் வெல்லவேணும், அது லேசில்லை. பேனை அங்கயே இருக்கு, தேத்தண்ணி குடிச்சிட்டு இருந்து எழுதுங்கோ.