கீமோவும் ரத்தம் உறையாம இருக்கற மருந்தும்: பிளேட்லெட்டைப் பாத்துட்டுப் போடுங்க

வணக்கம் மக்களே. கேன்சர் பேஷன்ட்டுக்குக் கால்ல கிளாட், அதாவது ரத்தக்குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சு, இருக்குன்னு ஸ்கேன்ல வந்தா, ரத்தம் உறையாம இருக்க மருந்து எழுதிடுவாங்க. "ஏற்கெனவே ரத்தம் கம்மி, இதுல இது வேறயா"ன்னு வீட்ல பயப்படறது நியாயம்தான். ஆனா அந்த கிளாட் நுரையீரலுக்குப் போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. கேன்சர் செல்லே ரத்தத்தை உறைய வைக்கற பொருளை வெளியில விடுது. அதனால பொதுவா 6 மாசமாவது மருந்து ஓடும். கேன்சர் அடங்கலேன்னா அதுக்கு மேலயும்.

மாத்திரைன்னா அபிக்சபான்: முதல் 7 நாள் 10 மில்லிகிராம் ரெண்டு வேளை, அப்புறம் 5 மில்லிகிராம் ரெண்டு வேளை. 8-வது நாள் டோஸைக் குறைக்க மறந்துடறவங்க உண்டு, காலண்டர்ல குறிச்சு வைங்க. வயித்துலயோ குடல்லயோ கட்டியை எடுக்காம இருந்தா மாத்திரையால ரத்தக்கசிவு கூடலாம். வாந்தி நிக்கலேன்னா மாத்திரை உடம்புல ஒட்டாது. அங்கல்லாம் எனாக்சபாரின் ஊசிதான்.

இதோ, கிட்ட காட்டறேன். ஊசிக்குள்ள ஒரு காத்துக்குமிழி தெரியுதா? முழு டோஸும் போடறதா இருந்தா அதை வெளிய தள்ளாதீங்க. தள்ளினா மருந்துத் துளியும் சேர்ந்து போயிடும். தொப்புள்லேர்ந்து 5 சென்டிமீட்டர் தள்ளி, தோலை மடிப்பா புடிச்சு, நேரா குத்துங்க. ஊசியை எடுக்கறவரைக்கும் மடிப்பை விடக்கூடாது. அப்புறம் தேய்க்கவே தேய்க்காதீங்க, தேய்ச்சா ஊசி போட்ட இடத்துல நீலத்திட்டு கூடும். அடுத்த ஊசியை வயித்தோட மறுபக்கம் போடுங்க.

முக்கியமானது இதுதான். டோஸ் ஒரே மாதிரி இருக்காது. கீமோவுக்கப்புறம் பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவற அணு, இறங்கும். 50,000-க்கு மேல இருந்தா பெரும்பாலும் முழு டோஸ். 25,000-லேர்ந்து 50,000-க்குள்ளன்னா வழக்கமா குறைப்பாங்க. 25,000-க்குக் கீழ பெரும்பாலும் நிறுத்தி வைப்பாங்க. கிளாட் புதுசுன்னா பிளேட்லெட் ஏத்திட்டு மருந்தைத் தொடர்றதும் உண்டு, அதனால நீங்களா நிறுத்தாதீங்க. ரிப்போர்ட் வந்த அன்னிக்கே டாக்டருக்குப் போன் போடுங்க. கிட்னி கிரியேட்டினினையும் சேர்த்துச் சொல்லுங்க, எனாக்சபாரின் கிட்னி வழியாத்தான் வெளியேறுது.

வலிக்கு இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் வேண்டாம். பல்லு புடுங்கறதோ பயாப்ஸியோ இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. முழு டோஸ் ஊசின்னா கடைசி ஊசிக்கும் அதுக்கும் நடுவுல 24 மணி நேரம் விடுவாங்க. மலம் தார் மாதிரி கறுப்பா போனாலோ, தலையில அடிபட்டாலோ, வெளிய ரத்தம் வரலேன்னாலும் உடனே எமர்ஜென்சிக்குப் போங்க.