குலாம் முகம்மது ஷேக்கின் ஊர்கள்

வணக்கம். உங்கள் ஊருக்குப் புதிதாக வருகிறவருக்கு வழி சொல்கிறீர்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடை தாண்டி, பழைய ரைஸ்மில் பக்கம் திரும்புங்கள் என்பீர்கள். அந்த ரைஸ்மில்லை இடித்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும்! நம் மனசில் ஊர் அப்படித்தான், இருப்பதும் இல்லாததும் பக்கத்துப் பக்கத்தில். அந்த ஊரைப் படமாக வரைய முடியுமா என்றால், குலாம் முகம்மது ஷேக் வரைந்திருக்கிறார்.

1937ல் குஜராத்தின் சுரேந்திரநகரில் பிறந்தவர். பரோடாவில் ஓவியம் படித்துவிட்டு 1963ல் லண்டன் ராயல் கலைக் கல்லூரிக்குப் போனார். அங்கே போய், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவர் தேடிப் பார்த்தது நம்ம ஊர்ச் சிற்றோவியங்களை! சிற்றோவியம் என்றதும் அளவைத்தான் நினைக்கிறோம். அளவை விடுங்கள். அதைப் பார்க்கிறவர் ஒரே இடத்தில் நிற்க வேண்டியதில்லை. கோட்டை மதிலை மேலேயிருந்து பார்ப்பீர்கள், முற்றத்தில் நிற்கிற ஆளை நேருக்கு நேர் பார்ப்பீர்கள், ஒரே ராமன் ஒரே படத்தில் இரண்டு மூன்று இடத்தில் வருவான். எங்கே பேசினாலும் இதைச் சொல்வேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன்: ஒரே இடத்தில் நிற்க வேண்டியதில்லை.

1969லிருந்து 1973 வரை அவர் வரைந்த ஒரு படம், நெடுநாள் கழித்து வீடு திரும்புவதைப் பற்றியது. மேலே பாரசீகச் சிற்றோவியத்திலிருந்து வந்த தேவதூதர்கள், நடுவில் மசூதி, வீடுகள், கீழே முன்னால் அம்மா. வானத்துக்கு ஒரு பாணி, அம்மாவுக்கு வேறு பாணி. அம்மா மட்டும் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி.

அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்த கதை. லண்டனில் அவர் கைக்கு ஒரு தபால் அட்டை வருகிறது. ஜெர்மனியில் எப்ஸ்டார்ஃப் என்ற ஊர்க் கன்னியர் மடத்தில் கிடைத்த பழைய உலக வரைபடம் அதில் அச்சாகியிருக்கிறது. 30 ஆட்டுத்தோல்களைச் சேர்த்துத் தைத்து வரைந்தது, நடுவில் ஜெருசலேம், உச்சியில் கிழக்கு. கிழக்கு உச்சியில் என்றால் நம் பள்ளிக்கூட மேப்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளுங்கள். அந்தத் தோலே இப்போது இல்லை, 1943ல் ஹனோவர் மீது விழுந்த குண்டில் எரிந்துவிட்டது. மிஞ்சியதெல்லாம் நகல்கள்தான்.

ஷேக் அந்த நகலின் நகலை எடுத்தார். கணினியில் வெட்டி ஒட்டி, அச்செடுத்து, அதன்மேல் தூரிகையால் வரைந்தார். அந்த உலகத்தில் பக்திக் கவி கபீர் வந்து உட்கார்ந்தார், லைலாவைத் தேடிய மஜ்னூன் வந்தான், பொன்மானைத் துரத்திக்கொண்டு ராமன் ஓடினான், இயேசுவின் சீடர் மகதலேனா மரியாளும் வந்தார். ஒட்டுப்படம் என்றால் கத்தரிக்கோல் வேலை என்று இளக்காரமாகச் சொல்கிறவர்கள் இதை ஒரு தடவை பார்க்கலாம். ஒட்டிய இடத்தை அவர் மறைப்பதில்லை, எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஐயோ, ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். காவட் பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். ராஜஸ்தானில் கதைசொல்லிகள் தூக்கிக்கொண்டு போகிற மரப்பெட்டி அது, கதவுக்குள் கதவாகத் திறக்கும், கதவுக்குக் கதவு படம். ஷேக் 2008ல் அதை ஆள் உள்ளே நுழைகிற அளவுக்குப் பெரிதாகச் செய்துவிட்டார். மிச்சத்தை இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். நன்றி, வணக்கம்.