கயிற்றின் மறுமுனை யார் கையில்?

வணக்கம் நேயர்களே.

ஆவணி விடுமுறைக்குக் கனடாவில், நோர்வேயில் இருந்து வரும் சித்தப்பாமார், மாமிமாரின் பெட்டிகளில் இப்போது ஒரு புதுச் சாமான் வருகிறது. காற்றடிக்கும் பலகை, இல்லாவிட்டால் கைபிடி வைத்த நுரைப் பலகை. கயிறு கட்டிப் படகால் இழுத்தால் பிள்ளை அதில் படுத்தோ, முழங்காலில் இருந்தோ, நின்றோ தண்ணீருக்கு மேலே வழுக்கிக்கொண்டு போகும். நீர்ச்சறுக்குப் பழகுவதற்கு அதுதான் முதற்படி. இதை முல்லைத்தீவுக் கடலில் விடலாமா, குளத்தில் விடலாமா என்று நீச்சல் பழக வரும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்கிறார்கள். விடலாம். ஆனால் கயிற்றின் மறுமுனை யார் கையில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

நீர்ச்சறுக்கு 1922இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பெப்பின் என்ற ஏரியில் தொடங்கியது. ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயதுப் பெடியன், சகோதரன் ஓட்டிய படகுக்குப் பின்னால் இரண்டு நீளப் பலகைகளில் நிற்கப் பார்த்தார், திரும்பத் திரும்ப விழுந்தார், கடைசியில் பலகைகளின் நுனியைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்துப் பின்பக்கம் சாய்ந்தபோதுதான் எழும்பி நிற்க முடிந்தது. அதற்கு முன்பே ஒற்றைப் பலகையைப் படகோடு கட்டி இழுத்து, அதில் ஏறி நிற்கும் விளையாட்டு இருந்தது. அதில் படகு இழுப்பது பலகையை, ஆளை அல்ல. இன்றைக்குச் சின்னப் பிள்ளைகளுக்குச் செய்யும் பலகைகள் பலவும் அந்தப் பழைய முறைக்கே திரும்பியிருக்கின்றன, எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. உண்மையான நீர்ச்சறுக்கில் படகின் இழுப்பு முழுவதும் பிள்ளையின் கைக்கும் தோளுக்கும் வரும். இங்கே அதைப் பலகை வாங்கிக்கொள்கிறது. பிள்ளை பிடித்திருப்பது பலகையின் முன்பக்கத்தில் கட்டிய சின்னக் கைபிடிக் கயிற்றை மட்டும், அதனால் சமநிலை ஒன்றைத்தான் பழக வேண்டும்.

சரி, மறுமுனைக்கு வருவோம். பழகும் பிள்ளையின் கயிற்றைப் படகில் முடிச்சுப் போட்டுக் கட்டக் கூடாது. படகின் பின்பக்கம் ஒரு பெரியவர் பிள்ளையைப் பார்த்தபடி இருந்து, கயிற்றைக் கையில் பிடித்திருக்க வேண்டும், கையில் சுற்றாமல். பிள்ளை தடுமாறிய உடனே அவர் விட்டுவிடுவார், பலகை நிற்கும், பிள்ளை மெதுவாகத் தண்ணீரில் இறங்கும். ஓட்டுகிறவர் முன்னால் பார்ப்பார், இவர் பின்னால் பார்ப்பார், இரண்டு வேலையையும் ஒருவரே செய்ய முடியாது. பலகையில் எழும்பி நிற்கிற பிள்ளைக்குக்கூட வேகம் மணிக்கு 20 கிலோமீற்றரைத் தாண்டத் தேவையில்லை. விழுந்த பிள்ளையை ஏற்றும்போது எஞ்சினை நிறுத்திவிட வேண்டும், கியரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், தண்ணீருக்கு அடியில் சுழலும் எஞ்சின் காற்றாடி ஒரு நொடியில் காலை வெட்டிவிடும்.

படகே இல்லாமல் தொடங்குவது இன்னும் நல்லது. தென்னம்மட்டையில் ஒருவரை இருத்தி மணலில் இழுத்து விளையாடும் பிள்ளைகளுக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும், இழுக்கும்போது கொஞ்சம் பின்னால் சாய வேண்டும் என்று அந்த உடம்பு பழகியிருக்கிறது. வளவு மணலிலேயே பலகையை வைத்து, முழங்காலை மடித்து, கையை நீட்டி நிற்கச் சொல்லுங்கள். பயத்தில் பிள்ளைகள் முழங்கையை மடித்துக் கைபிடியை நெஞ்சுக்கு இழுப்பார்கள், அந்த இழுப்பிலேயே பின்னால் விழுவார்கள். அப்புறம் இடுப்பளவு தண்ணீரில் படுக்கவைத்து நீங்களே நடந்து இழுங்கள். விழுந்தால் கைபிடியை விடவும் அங்கேதான் பழக்க வேண்டும். விழுந்த பிறகும் பிடியை விடாத பிள்ளை மூக்கில் தண்ணீர் ஏற இழுபட்டுப் போகும், பிறகு அது தண்ணீர்ப் பக்கமே வராது.

இனி இடம். முல்லைத்தீவுக் கடல் வாடைக் காலத்தில் கொந்தளிக்கும், அப்போது யாரும் பிள்ளையை இறக்க மாட்டார்கள். எனக்குப் பயம் சோழகக் காலத்தில்தான். சோழகம் தென்மேற்கிலிருந்து, தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரம் தண்ணீர் தட்டையாக, அழகாகத் தெரியும், காற்றடித்த பலகையோ பாரமில்லாதது, காற்று அதைப் பிள்ளையோடு வெளியே தள்ளிக்கொண்டு போகும், நீந்திப் பிடிக்கப் போகும் தகப்பனும் ஆபத்தில் மாட்டுவார். விடுமுறை வருவதும் அந்தக் காலத்தில்தான். எனவே கடலில் காற்றுப் பலகையைக் கரையில் நிற்கும் ஒருவரின் கையில் கயிறில்லாமல் ஒரு நிமிடமும் விட வேண்டாம்.

குளம் அமைதிதான். ஆனால் இரணைமடுவானாலும் முத்தையன்கட்டானாலும் எங்கள் குளங்கள் நீர்ப்பாசனத்துக்கும் மீன்பிடிக்கும் உரியவை. அலைகரையில் பட்டமரக் குற்றிகள் தண்ணீருக்கு அடியில் நிற்கும், சிறுபோகத்துக்குத் தண்ணீர் இறங்க இறங்க அவை மேலே வரும், வலை கிடக்கும், முதலையும் உண்டு. தண்ணீர் திறந்துவிடும் துருசுப் பக்கம் போகவே கூடாது. அங்கே படகால் இழுக்கும் விளையாட்டு வேண்டாம் என்பதுதான் என் கருத்து. எஞ்சின் வைத்து முறையாகப் பழக ஆசைப்பட்டால், பெந்தோட்டை ஆற்றில் அதற்கென்றே படகும் ஆட்களும் இருக்கிறார்கள்.

காற்றடித்த ரியூப்பில் பிள்ளையை ஏற்றிப் படகால் இழுப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். ரியூப்பைப் பிள்ளையால் திருப்ப முடியாது. படகு வளையும்போது அது வெளிவட்டத்தில் படகைவிட வேகமாக வீசப்படும். பலகைதான் நல்லது.

உயிர்காப்பு அங்கி பிள்ளையின் அளவில் இருக்க வேண்டும். போட்டுப் பூட்டிய பிறகு தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், அங்கி நாடிக்கு மேலே ஏறினால் அது அந்தப் பிள்ளைக்கு உரியதல்ல. கையில் மாட்டும் காற்றுப் பைகள் அங்கிக்கு ஈடாகாது.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரையில் எத்தனையோ வீடுகளில் பிள்ளையைக் கடலுக்கு விடுவதில்லை. அந்தப் பயத்தைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் நீந்தத் தெரியாத பிள்ளை கூட்டாளிகளோடு ஒளித்துக் குளத்துக்குப் போகிறதே, அதுதான் என் நெஞ்சை உறுத்துகிறது. உங்கள் கண்முன்னே, உங்கள் கையில் கயிறிருக்க, ஆழமில்லாத தண்ணீரில் அது தொடங்கட்டும். காலையில், காற்று எழும்புவதற்கு முன்னர் போங்கள். போகிற இடத்தில் தொழிலுக்குப் போய் வருகிறவர்களிடம் எங்கே குழி, எங்கே வலை, இன்றைக்கு நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் பலகையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.

நன்றி, வணக்கம்.