1904 டிசம்பர் 31: பழங்கால மோட்டார் வண்டிகளின் பிறந்த ஆண்டைத் தேடி

[காட்சி: விடியும் வேளையில் லண்டன் ஹைட் பார்க். பித்தளை விளக்குகள், நீலப் புகை, கம்பளி போர்த்திய ஓட்டுநர்கள்.]

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, பொழுது புலரும் நேரத்தில், லண்டன் ஹைட் பார்க்கிலிருந்து நானூறு வரையிலான மோட்டார் வண்டிகள் தெற்கே உள்ள பிரைட்டன் கடற்கரையை நோக்கிப் புறப்படுகின்றன. தூரம் ஏறத்தாழ 60 மைல், அதாவது 96 கிலோமீட்டர். இன்றைய கார் இரண்டு மணி நேரத்துக்குள் கடந்துவிடக்கூடிய இந்தத் தூரத்துக்கு இவற்றுள் சில ஒரு பகல் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். சில வழியிலேயே நின்றுபோய், மாலையில் வேறொரு வண்டியின் முதுகில் ஏறி ஊர் திரும்பும்.

இந்த ஓட்டத்தில் சேர்வதற்கு ஒரு வண்டி அழகாக இருக்க வேண்டும் என்றோ, விரைவாக ஓட வேண்டும் என்றோ கட்டாயமில்லை. அது 1905 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்னர் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். 1904 டிசம்பர் கடைசியில் பட்டறையை விட்டு வெளிவந்த வண்டிக்கு இடமுண்டு. அடுத்த வாரம் அதே பட்டறையில், அதே ஆட்களின் கையால், அதே வரைபடத்தின்படி செய்யப்பட்ட வண்டிக்கு இடமில்லை. அந்தத் தேதிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைப் பொறுத்து வண்டியின் சந்தை விலையே மாறிவிடும் என்பதால், இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்டவர்கள் எண்ணெய்க் கறையோடு பட்டறையில் செலவிடும் நேரத்துக்கு இணையாக, தூசி படிந்த பதிவேடுகளுக்கு முன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் அங்கே எதைத் தேடுகிறார்கள், தேடிக் கண்டதை ஏன் சாலையில் ஓட்டிப் பார்க்கிறார்கள் என்பதை இந்தக் காணொளியில் காண்போம்.

[காட்சி: 1896ஆம் ஆண்டு லண்டன் தெரு, கறுப்பு வெள்ளைப் படம்.]

இந்த ஓட்டத்தின் மூலக் கதை 1896 நவம்பர் 14ஆம் தேதி தொடங்குகிறது. பிரிட்டனில் 1865ஆம் ஆண்டுச் சட்டம், குதிரையில்லாமல் தானே நகரும் வண்டிகளுக்கு நாட்டுப்புறச் சாலையில் மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல் என்று எல்லை வைத்திருந்தது. வண்டிக்கு 60 கஜம் முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியோடு நடந்து செல்ல வேண்டும் என்றும் விதித்திருந்தது. நீராவி இழுவை இயந்திரங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்தச் சட்டம், பிரான்சிலும் ஜெர்மனியிலும் உருவாகிவந்த இலகுவான பெட்ரோல் வண்டிகளையும் சேர்த்தே கட்டிப்போட்டது. 1896இல் புதிய சட்டம் வந்து, இலகு வண்டிகளை அந்த விதிகளிலிருந்து விடுவித்தது. சட்டம் மணிக்கு 14 மைல் வரை இடம் தந்தது. விதிகளை வகுத்த அரசு வாரியம் அதை 12 மைலாகக் குறைத்தது. அந்த விடுதலையைக் கொண்டாடும் விதமாகவே, சட்டம் நடைமுறைக்கு வந்த அதே நாளில், லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஓர் ஊர்வலம் நடத்தப்பட்டது. புறப்படும் முன் நடந்த காலை விருந்தில் வின்செல்சி பிரபு ஒரு சிவப்புக் கொடியைக் கிழித்துப் போட்டார். இன்றும் ஓட்டத்தின் தொடக்கத்தில் ஒரு கொடி கிழிக்கப்படுகிறது.

இங்கேயே ஓர் ஆராய்ச்சியாளர் கையை உயர்த்துவார். சிவப்புக் கொடி என்ற கட்டாயத்தை 1878ஆம் ஆண்டின் திருத்தமே நீக்கிவிட்டது. முன்னால் நடந்து செல்லும் ஆள் மட்டும் 20 கஜ தூரத்தில் எஞ்சியிருந்தார். ஆகவே பிரபு கிழித்தது, சட்டப்படி பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே செல்லாமல் போயிருந்த ஒரு கொடியை. இதைச் சொல்வதால் அந்தக் கொண்டாட்டத்தின் சுவை குறைந்துவிடாது என்றே நான் நினைக்கிறேன்.

அன்றைய ஊர்வலத்தின் கணக்கும் இதே கதைதான். 33 வண்டிகள் புறப்பட்டன, 17 வந்து சேர்ந்தன என்பது பொதுவாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. முதலில் பிரைட்டனை அடைந்தவை பிரான்சின் லியோன் போலே தயாரித்த மூன்று சக்கர வண்டிகள் என்று ஒரு பதிவு சொல்கிறது. அமெரிக்காவின் டூரியே நிறுவனத்தார் தங்கள் வண்டியே முதலில் வந்தது என்று உரிமை கொண்டாடினார்கள். ஒரு மின்சார வண்டி ரயிலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டு, பிரைட்டன் எல்லையில் சேறு பூசப்பட்டு, ஓடிக் களைத்ததுபோல் உள்ளே நுழைந்தது என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை. ஊர்வலத்தை நடத்திய ஹாரி லாசன் மோட்டார் காப்புரிமைகளை வாங்கிக் குவித்து, நிறுவனங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கிப் பங்கு விற்ற மனிதர். அவருக்கு அன்று தேவைப்பட்டது நல்ல விளம்பரம். அவர் பின்னாளில் மோசடி வழக்கில் தண்டனை பெற்றுச் சிறை சென்றார். அந்த ஆண்டு 1904 என்பது வெறும் தற்செயல்தான், ஆனாலும் இந்த ஓட்டத்தை அறிந்தவர்கள் புன்னகைக்காமல் இருக்க மாட்டார்கள்.

1927இல் ஒரு செய்தித்தாளின் ஆதரவில் அந்தப் பயணம் மீண்டும் நடத்தப்பட்டது. 1930 முதல் ராயல் ஆட்டோமொபைல் கிளப் அதை ஏற்று நடத்துகிறது. போர்க்காலத்திலும், பெட்ரோல் பங்கீடு நிலவிய 1947இலும், தொற்றுநோய் பரவிய 2020இலும் ஓட்டம் நின்றது. அதே 1930இல், பிரைட்டனின் ஓல்ட் ஷிப் விடுதியில், வெட்டரன் கார் கிளப் ஆஃப் கிரேட் பிரிட்டன் என்ற சங்கம் தோன்றியது. ஒரு வண்டி எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று ஆராய்ந்து சான்றிதழ் வழங்கும் குழு ஒன்று அதற்கு உண்டு.

[காட்சி: சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், ஒரு பித்தளைத் தகடு, தேய்ந்த எண்கள்.]

அந்தக் குழுவின் வேலையை நம் ஊர்ச் சோதிடச் சொல் ஒன்று மிகச் சரியாக விளக்கும்: நஷ்ட ஜாதகம். பிறந்த நாளும் நேரமும் தொலைந்துபோனவருக்கு, மற்ற அடையாளங்களை வைத்துப் பிறப்பைக் கணிப்பது. ஒரு வித்தியாசம், இங்கே கணிப்புக்குப் பரிகாரம் இல்லை. 1905 என்று வந்துவிட்டால் வண்டி வீட்டிலேயே நிற்க வேண்டியதுதான்.

பதிவு எண்ணைப் பார்த்து ஆண்டைச் சொல்லிவிடலாமே என்று தோன்றலாம். பிரிட்டனில் வாகனங்களுக்குப் பதிவு எண் கட்டாயமானது 1903ஆம் ஆண்டுச் சட்டத்தினால். அது 1904 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அப்போது சாலையில் ஓடிக்கொண்டிருந்த பழைய வண்டிகள் அனைத்தும் ஒரே காலத்தில் எண் பெற்றதால், 1898இல் செய்யப்பட்ட வண்டியும் 1903இல் செய்யப்பட்ட வண்டியும் பதிவேட்டில் அடுத்தடுத்த வரிகளில் நிற்கக்கூடும். போதாததற்கு, உரிமையாளர் பழைய வண்டியை விற்றுப் புதியது வாங்கும்போது தம் எண்ணைப் புதிய வண்டிக்கு மாற்றிக்கொள்வதும் உண்டு. ஆக, எண் பழையதாக இருப்பதால் வண்டி பழையதென்று முடிவுகட்ட முடியாது. பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே எழுதப்பட்டிருக்கும் குதிரைத்திறன், உடலமைப்பு, நிறம், எடை ஆகியவை இன்று நம் முன் நிற்கும் வண்டியோடு பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பதிவேடு இருக்க வேண்டும். 1970களில் வாகனப் பதிவு முழுவதும் ஒரே மைய அலுவலகத்துக்கு மாற்றப்பட்டபோது, மாவட்டங்கள் வைத்திருந்த பழைய பேரேடுகளில் பல தேவையற்றவையெனக் கழிக்கப்பட்டன. சில மட்டும் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் தப்பிப் பிழைத்துள்ளன.

என்ஜின் எண் இதைவிட உறுதியான தடயம். ஆனால் அது என்ஜினின் வயதை மட்டுமே சொல்லும். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு பிரான்சின் தெ தியோன் பூட்டோன் நிறுவனம். அதன் ஒற்றை சிலிண்டர் என்ஜின்கள் அக்காலத்துக்கு மிக வேகமாகச் சுழல்பவை, எடை குறைந்தவை. ஆகவே அந்த நிறுவனம் தன் வண்டிகளுக்கு மட்டுமன்றி மற்ற தயாரிப்பாளர்களுக்கும் அவற்றை விற்றது. 1898இல் லூயி ரெனோ செய்த முதல் வண்டி தெ தியோன் என்ஜினில்தான் ஓடியது; அட்லாண்டிக்குக்கு அப்பால் பியர்ஸ் நிறுவனத்தின் முதல் சிறு கார்களும் அதே என்ஜினைத்தான் சுமந்தன. எனவே பண்ணைக் கொட்டகை ஒன்றில் தெ தியோன் என்ஜினோடு பெயரற்ற வண்டி கிடைத்தால், அது யாருடைய பிள்ளை என்று கண்டுபிடிக்கத் தனி ஆராய்ச்சி வேண்டும். அச்சு, சக்கர மையம், ஸ்டியரிங் இணைப்பு, அடிச்சட்டத்தில் ஆணி அறைந்த இடைவெளி என ஒவ்வொன்றையும் அளந்து, அக்கால விலைப்பட்டியல்களின் படங்களோடும் காப்புரிமை வரைபடங்களோடும், 1895 நவம்பரில் தொடங்கிய ‘தி ஆட்டோகார்’ போன்ற இதழ்களின் விளம்பரங்களோடும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். விலைப்பட்டியலையும் அப்படியே நம்பிவிட முடியாது. பட அச்சுக் கட்டை செய்வது செலவு பிடிக்கும் வேலை என்பதால், மாதிரி மாறிய பின்னும் பழைய படத்தையே அச்சிட்டவர்கள் இருந்திருக்கிறார்கள்.

வண்டி முழுவதும் ஒரே வண்டிதானா என்பது இன்னும் கடினமான கேள்வி. 1953இல் வெளிவந்த ‘ஜெனிவீவ்’ என்ற ஆங்கிலத் திரைப்படம் இந்த ஓட்டத்தை உலகறியச் செய்தது. பழைய கார்களைத் தேடி வாங்கும் ஆசை பரவியதற்கு அந்தப் படம் ஒரு பெருங்காரணம். அதில் நாயகி எனச் சொல்லத்தக்க 1904ஆம் ஆண்டு டராக் வண்டி, கிழக்கு லண்டனில் கேட்பாரற்றுக் கிடந்த டராக் வண்டிகளின் பாகங்களைக் கொண்டு சீரமைக்கப்பட்டதாகும். இன்று அது நெதர்லாந்தின் லூமன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இரண்டு வண்டிகளிலிருந்து ஒன்று உருவானால் அதற்கு எந்தப் பிறந்தநாள்? அடிச்சட்டமும் என்ஜினும் அச்சுகளும் அந்தக் காலத்தவையாகவும் அந்த மாதிரிக்கு உரியவையாகவும் இருக்க வேண்டும் என்பதில் ஆராய்ச்சியாளர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள். மரத்தாலும் தோலாலும் ஆன மேற்பாகம் மறுபடி செய்யப்பட்டதானால் அவ்வளவு முகம் சுளிப்பதில்லை. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

[காட்சி: ஓட்டுநரின் கைகள். ஸ்டியரிங்கை ஒட்டி மூன்று நான்கு சிறு நெம்புகோல்கள்.]

காகிதம் சொல்லாத பலவற்றை ஓட்டம் சொல்லிவிடும். முதலில் வண்டியைக் கிளப்ப வேண்டும். ஹேண்டில் போடும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக மடித்துக்கொள்ள வேண்டும். தீப்பொறி விழும் நேரத்தைக் கையாலேயே தாமதப்படுத்தி வைக்காவிட்டால், என்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். ஓடத் தொடங்கிய பிறகு, பொறியின் நேரத்தை முன்னே தள்ளுவதும், பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவைத் திருத்துவதும், முகப்புப் பலகையிலுள்ள கண்ணாடிக் குமிழ்களில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுகிறதா என்று கவனிப்பதும் ஓட்டுநரின் பொறுப்பு. அந்த எண்ணெய் திரும்பி வராது. என்ஜினை நனைத்துவிட்டுப் புகையாகவோ சாலையில் கறையாகவோ போய்விடும். இவற்றுக்கிடையில், படகின் சுக்கான் போல நீண்ட ஒற்றைக் கோலால் திருப்பப்படும் ஓல்ட்ஸ்மொபைல் போன்ற வண்டியென்றால், குழியில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் அந்தக் கோல் கையை உலுக்கும்.

ஆரம்பகால என்ஜின்கள் பலவற்றில் காற்றை உள்ளே விடும் வால்வைத் திறக்கத் தனி இயக்கம் கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும் உறிஞ்சலே அதைத் திறக்கும். அதன் சுருள்வில் சற்று இறுகினாலும் தளர்ந்தாலும் ஏற்றத்தில் வலு குன்றிவிடும். மின்பொறி பரவுவதற்கு முன், டெய்ம்லர், பான்ஆர் வண்டிகளில் பிளாட்டினக் குழாயை ஒரு சிறு சுடரால் செந்தழலாகக் காய்ச்சி அதன் வெப்பத்தால் எரிபொருளைப் பற்றவைத்தார்கள். பலத்த காற்றடித்தால் சுடர் அணையும், வண்டி நிற்கும். பின்னாளில் உரிமையாளர்கள் பலர் மின்பொறிக்கு மாறிவிட்டார்கள். ஆனால் சுடர்ப்பெட்டி பொருத்தியிருந்த துளைகள் என்ஜினின் பக்கத்தில் எஞ்சியிருந்தால், அது 1890களின் வண்டி என்பதற்கு ஒரு சாட்சி கிடைக்கிறது.

இதேபோல, அடிச்சட்டத்தின் கீழே காரணம் புரியாத ஒரு கொக்கியைக் கண்டு குழம்பும் ஒருவர், பிரைட்டனுக்கு முன் குறுக்கிடும் சவுத் டவுன்ஸ் குன்றுகளில் ஏறும்போது அதன் பயனைப் புரிந்துகொள்வார். அக்காலப் பட்டைப் பிரேக்குகள் வண்டி முன்னோக்கிச் செல்லும்போது ஓரளவு பிடிக்கும். பின்னோக்கி உருளும்போது கைவிட்டுவிடும். ஆகவே, ஏற்றத்தில் என்ஜின் நின்றால் தரையில் ஊன்றிக்கொள்ளும்படி ஒரு முட்டுக்கம்பியை வண்டியின் அடியில் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தக் கம்பி தொலைந்துபோய்க் கொக்கி மட்டும் மிஞ்சியிருக்கிறது. காப்பகத்தில் உட்கார்ந்திருந்தால் தோன்றாத விடை, பாதி ஏற்றத்தில் வண்டி பின்னால் நழுவும்போது ஒரு நொடியில் தோன்றிவிடும்.

[காட்சி: பிரைட்டன், மடேரா டிரைவ். கடல், மங்கும் வெளிச்சம்.]

இது பந்தயம் அல்ல. மிகப் பழைய வண்டிகள் முதலில் புறப்படுகின்றன. சராசரி வேகம் மணிக்கு 20 மைலைத் தாண்டக் கூடாது. முதலில் வந்தவருக்குப் பரிசும் கிடையாது. மாலை 4:30க்குள் வந்து சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு பதக்கம் உண்டு. நவம்பர் தொடக்கத்தில் பிரைட்டனில் சூரியன் மறைவதும் ஏறத்தாழ அதே நேரத்தில்தான். தாமதமாக வருபவர்கள், நம் ஊரில் மாம்பழத்தைப் பழுக்க வைப்பதற்காகக் கெட்ட பெயர் வாங்கிய அதே கார்பைடு கல்லைப் பித்தளை விளக்கின் அடியில் போட்டு, மேலே உள்ள தொட்டியிலிருந்து நீரைச் சொட்டவிட்டு, எழும் வாயுவைப் பற்றவைத்து, அந்த வெள்ளை ஒளியில் கடற்கரைச் சாலைக்குள் நுழைகிறார்கள்.